விமான் நகரில் ஒரு க்ரெப்: தட்டும் ரசீதும்

புனே செல்லும் நம் வாடிக்கையாளர்களைப் பெரும்பாலும் இரு வகையாகப் பிரிக்கலாம். பணிநிமித்தம் ஓரிரு நாள் சென்று திரும்புவோர் ஒரு வகை. அங்கே மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் மகனையோ, கல்லூரியில் பயிலும் மகளையோ காணச் செல்லும் பெற்றோர் மறு வகை. இரு சாராரும் எப்படியேனும் கால் வைக்கும் பகுதி விமான் நகர். பெயரே உரைப்பதுபோல் அது விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு. லோகேகாவ் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையையே பயணிகள் விமானங்களும் அங்கே பயன்படுத்துகின்றன. புதிய பயணிகள் முனையம் 2024 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் மெட்ரோ இரயில் அருகிலுள்ள ராம்வாடி வரை வந்து சேர்ந்தது. முன்பு அகமத்நகர் எனப்பட்ட அகில்யாநகர் செல்லும் பெருஞ்சாலையில் பெரிய வணிக வளாகம், உட்தெருக்களில் சிம்பயாசிஸ் கல்வி நிறுவனங்கள், சற்றே கிழக்கில் கராடியின் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் என்று அமைந்துவிட்டமையால், மாலை ஆறு மணிக்கு மேல் தத்த மந்திர் சௌக்கைச் சுற்றிய தெருக்களில் இளைஞர் கூட்டம் நிரம்பி வழியும். கூட்டத்தைத் தேடி உணவகம் வரும். உணவகத்தைத் தேடி மேலும் கூட்டம் வரும்.

அவ்வாறு வந்த சிறு உணவகங்களில் ஓரிடத்தில் பிள்ளைகள் நம்மை அமர்த்தி, “க்ரெப் சாப்பிடலாம்” என்கின்றனர். பத்துப் பதினைந்து இருக்கைகள், சுவரில் ஈபில் கோபுரத்தின் படம், கண்ணாடிக்குப் பின்னே வட்டமான இரும்புக் கல், மங்கலான விளக்கு. உணவுப்பட்டியலைக் கையில் வாங்கும் பெற்றோர் என்ன செய்வர் என்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வலப்பக்கத்து எண்களை முதலில் படிப்பர். பின்னர், “எனக்குப் பசியில்லை, ஒரு பழச்சாறு போதும்” என்பர். பசியில்லாமை அன்று காரணம். தட்டில் வருவது யாது, அதில் முட்டை உண்டா, தோசை போன்ற ஒன்றுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் ஏன், ரசீதின் அடியில் ஏறும் தொகைகள் எவை என்பன விளங்காமையே காரணம். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயர். பட்டியலில் உள்ள சொல்லைப் பலரும் ‘கிரேப்’ என்றே ஒலிப்பதால் திராட்சையோ என்று ஐயுறுவோர் உண்டு. பிரெஞ்சு ஒலிப்பு ‘க்ரெப்’ என்பதற்கு நெருக்கமானது. சுருண்டது, சுருக்கம் விழுந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கல்லில் வேகும்போது ஓரம் சுருள்வதைக் கண்டோர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இதன் தாயகம் பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் பிரிட்டானி என்னும் பகுதி. அங்கே மண் வளமற்றது, புளிப்புத் தன்மை மிக்கது. கோதுமை நன்கு விளையாது. அத்தகைய மண்ணிலும் ஏறத்தாழ நூறு நாளில் விளைந்துவிடும் பயிர் ஒன்றை அம்மக்கள் பற்றிக்கொண்டனர். ஆங்கிலத்தில் பக்வீட் எனப்படும் அதனை நாம் வட இந்தியாவில் ‘குட்டு’ என்னும் பெயரில் காண்கிறோம். நவராத்திரி நோன்பின்போது அரிசியும் கோதுமையும் விலக்கும் வடநாட்டார் உண்ணும் மாவு அதுவே. லடாக்கிலும் இமாசலத்திலும் உத்தராகண்டிலும் அது விளைகிறது. பெயரில் ‘வீட்’ என்று இருப்பினும் கோதுமைக்கும் அதற்கும் உறவில்லை. அது புல்லினத் தானியமே அன்று. அதனாலேயே நோன்புக்கு ஏற்றதாயிற்று. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதமும் அதில் இல்லை. மாவு சாம்பல் கலந்த பழுப்பு நிறம். சுட்டால் சற்றே கசப்பும் வறுத்த மணமும் தரும்.

பிரிட்டானியின் ஏழைக் குடும்பங்களில் ரொட்டி இருக்கவேண்டிய இடத்தில் இம்மாவில் சுட்ட மெல்லிய அடையே இருந்தது. அதற்குக் ‘காலெத்’ என்று பெயர். விலை மிகுந்த கோதுமை மாவில் சுட்டது நாள்கிழமைக்கு உரியது. இனிப்பு சேர்த்து உண்பது. இன்றும் பிரெஞ்சுக் கடைகளின் பட்டியல் இவ்விரண்டாகவே பிரிந்திருக்கும். கருத்த மாவில் உப்புச் சுவையுடையது காலெத். வெள்ளை மாவில் இனிப்பானது க்ரெப். முதலில் காலெத், பின்னர் க்ரெப் என்பது உண்ணும் முறை. நம் நாட்டுக் கடைகள் பலவற்றில் இரண்டையும் க்ரெப் என்றே எழுதிவிடுகின்றனர். அதனால் வரும் குழப்பத்தைச் சிறிது நேரத்தில் காண்போம்.

வங்கி இதழில் எழுதும்போது விட்டுவிட மனம் வராத செய்தி ஒன்று உண்டு. பிரான்சில் ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு நாற்பதாம் நாளில் வரும் விழாவன்று வீடுதோறும் க்ரெப் சுடுவர். அப்போது ஒரு கையில் தங்க நாணயத்தை, இன்று பெரும்பாலும் கைக்குக் கிடைத்த ஏதேனும் ஒரு நாணயத்தை, இறுகப் பற்றிக்கொண்டு, மறு கையால் வாணலியை வீசிக் க்ரெப்பைத் திருப்பிப் போடவேண்டும். கீழே விழாமல் திரும்பிவிட்டால் அவ்வாண்டு முழுதும் கையில் பணம் புழங்கும் என்பது நம்பிக்கை. அட்சய திருதியை நாளில் நகைக்கடை வாசலில் நிற்பதைக் காட்டிலும் செலவு குறைந்த நம்பிக்கை என்பது எம் கருத்து.

சுடும் முறை தோசை வார்ப்போர்க்கு உடனே பிடிபடும். பிரிட்டானி மொழியில் ‘பிலிக்’ எனப்படும் வட்ட இரும்புக் கல் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. நாம் கரண்டியின் அடிப்புறத்தால் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுழற்றி மாவைப் பரப்புகிறோம். அவர்கள் மாவை ஊற்றியபின், குறுக்குக் கட்டையோடு கூடிய ‘ரொசெல்’ என்னும் சிறு மரக்கருவியால், கல்லை அழுத்தாமல், மணிக்கட்டை மட்டும் சுழற்றி ஒரே சுற்றில் பரப்புகின்றனர். பின்னர் நீண்ட மெல்லிய மரத்தகட்டை அடியில் செலுத்தித் தூக்குகின்றனர். கோதுமைக் க்ரெப்பை மறுபுறமும் திருப்பி வேகவைப்பர். காலெத்தின் மேல் பாலாடைக்கட்டி முதலியவற்றை வைத்து, நான்கு ஓரங்களையும் உள்ளே மடித்துச் சதுரமாக்கி, நடுவில் உள்ளிருப்பது தெரியுமாறு பரிமாறுவர். நம் தோசை மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குகிறது. க்ரெப் மாவைப் புளிக்கவிடுவதில்லை. மாவு நீரை உறிஞ்சி இளகுவதற்காக ஒரு மணி நேரமேனும் அப்படியே வைப்பர், அவ்வளவே. முதல் தோசை கல்லுக்கு என்று நம் வீடுகளில் சொல்வது போலவே, அங்கும் முதற்க்ரெப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மராட்டியர்க்கும் இது புதிதன்று. கொங்கணக் கரையின் ஆம்போளியும் காவணும், வீட்டுக்கு வீடு வார்க்கும் திரடேயும் இதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளே.

இனி முட்டைக்கு வருவோம். நாம் புனேயில் பணியாற்றிய காலத்தில் விமான் நகரின் உட்தெரு ஒன்றில் இத்தகைய சிறு கடைக்குச் சென்றிருந்தபோது, பக்கத்து மேசையில் திருச்சியிலிருந்து வந்த தம்பதியர் இருந்தனர். மகனும் மருமகளும் ஆர்வத்தோடு உணவு கேட்டுக்கொண்டிருக்க, அம்மையார் மட்டும் எலுமிச்சைச் சாற்றுடன் அமர்ந்திருந்தார். நாம் தமிழில் பேசுவதைக் கேட்டவுடன் தாழ்ந்த குரலில், “தம்பி, நீங்க இங்க அடிக்கடி வருவீங்களா? இதுல எல்லாத்துலயும் முட்டை உண்டுதானே?” என்றார். “எல்லாவற்றிலும் இல்லை அம்மா, கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுந்து கல்லருகே சென்றோம். அங்கே நின்ற இளைஞர் மாவுப் பாத்திரங்கள் இரண்டையும் காட்டி விளக்கினார். வெள்ளை மாவில் முட்டையும் பாலும் உண்டு. கருத்த மாவில் குட்டு மாவு, தண்ணீர், உப்பு மட்டுமே. அம்மையார் அதுவரை எண்ணியிருந்தது நேர்மாறு. இனிப்பு என்பதால் சாக்லேட் க்ரெப்பையாவது உண்ணலாம் என்று மருமகள் இருமுறை வற்புறுத்தியிருக்கிறார்.

இந்த ஒரு செய்திக்காகவே இக்கட்டுரையைப் படித்தாலும் தகும். இனிப்பான வெள்ளைக் க்ரெப்பின் மாவில் மரபுப்படி முட்டை கட்டாயம் உண்டு. காரமான உள்ளீடுகள் கொண்ட கருத்த காலெத்தின் மாவிலோ மரபுப்படி அது தேவையில்லை. ஆயினும் மாவு எளிதில் பரவுவதற்காகவோ நிறத்துக்காகவோ கருத்த மாவிலும் ஒரு முட்டை உடைப்போர் உளர். கருத்த மாவில் கோதுமையைக் கலப்போரும் உளர். ஆகவே ஊகிக்க வேண்டா, கேட்டுவிடுக. “சைவமா” என்று பொதுவாகக் கேட்டால் “ஆம்” என்றே விடை வரக்கூடும். உள்ளே வைக்கும் காளானையும் கீரையையும் மனத்தில் கொண்டு அவர் சொல்லுவார். “மாவில் முட்டை உண்டா” என்று கேட்பதே சரியான கேள்வி. புனேயில் அதனை இந்தியிலோ மராத்தியிலோ கேட்பது எளிது; இரு மொழியிலும் ‘அண்டா’ என்ற ஒரு சொல் போதும். பொட்டல உணவின் மீதுள்ள பச்சைப் புள்ளி, பழுப்புக் குறி ஆகியவற்றைப் பார்த்துப் பழகியோர் அறிவர், நம் நாட்டு விதிகளின்படி முட்டை அசைவத்தில் சேரும். ஒரே கல்லில் இரண்டு மாவும் சுடுவார்களா என்பது அடுத்த கேள்வி. கடுமையான சைவர்க்கும், மருத்துவர் குளூட்டனை விலக்கச் சொன்னவர்க்கும் அது முக்கியம். ‘க்ரெப் சுசெத்’ என்று பட்டியலில் கண்டால் அது ஆரஞ்சுச் சாறும் வெண்ணெயும் மதுவும் சேர்த்துத் தீமூட்டிப் பரிமாறும் வகை. மது விலக்குவோர் அதனை விலக்குக.

அன்று அம்மையார்க்குக் காளானும் பாலாடைக்கட்டியும் வைத்த காலெத் வந்தது. ஒரு துண்டு உண்டபின், “கேழ்வரகு அடை மாதிரி இருக்கு, கொஞ்சம் உப்புக் கம்மி” என்றார். சரியான விமரிசனம் என்று அந்த இளைஞரிடமும் மொழிபெயர்த்துச் சொன்னோம்; அவர் உப்புக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

எதைக் கேட்பது என்று தெரியாதோர்க்கு எம் பரிந்துரை எளியது. இருவர் செல்லின் காலெத் ஒன்று, க்ரெப் ஒன்று கேட்டுப் பகிர்ந்துகொள்க. முட்டை உண்போர் ‘கொம்ப்ளெத்’ என்பதைக் கேட்கலாம். பன்றியிறைச்சித் துண்டு, பாலாடைக்கட்டி, மேலே முழு முட்டை என்பது அதன் மரபு வடிவம். இறைச்சி வேண்டாதார்க்கு அதை நீக்கித் தருவர். இனிப்பில், சாக்லேட் குழம்பு ஊற்றியதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் தூவியதை அல்லது எலுமிச்சை பிழிந்ததை உண்டு பார்த்தால் சுட்டவரின் கைத்திறம் தெரியும். பிரிட்டானியின் சிறப்பு உப்பு வெண்ணெயில் காய்ச்சிய சர்க்கரைப்பாகு. கடையில் அது அவர்களே காய்ச்சியதாயின் தவறவிட வேண்டா. பழங்களும் பனிக்கூழும் மலைபோல் குவித்த தட்டுகள் படம் எடுப்பதற்கு உரியவை. அடியில் இருப்பது நனைந்து துவண்டுவிடும்.

விலைக்கு வருவோம். நம்மைப் போன்ற வணிகவியல் படித்தோர்க்கு இங்கேதான் சுவை. அரிசி தோசையை எண்பது ரூபாய்க்கு உண்பவர், அதே அளவு மெல்லிய ஒன்றுக்கு முந்நூற்றைம்பது கேட்கும்போது ஏமாற்றுகிறார்களோ என்று எண்ணுவது இயல்பே. வெண்ணெய், பாலாடைக்கட்டி, குட்டு மாவு ஆகியவை அரிசி, உளுந்தைவிட விலை மிகுந்தவை என்பது உண்மை. ஆனால் வேறுபாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. கல்லிலும் நாற்காலியிலும் இருக்கிறது.

நம் ஊர்ச் சிற்றுண்டிச்சாலையின் நீண்ட கல்லில் ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்தாறு தோசைகள் வார்க்கிறார். உண்பவர் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார். க்ரெப் கல்லில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். பரப்பி, வேகவைத்து, உள்ளீடு வைத்து, மடித்து எடுக்க நான்கு நிமிடம் என்று கொண்டால், கை ஓயாமல் உழைத்தாலும் ஒரு கல்லில் மணிக்குப் பதினைந்து. கூட்டம் வருவது மாலை நான்கு மணி நேரம். வருவோரோ அரட்டைக்காக வருவோர். ஒரு மேசையில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பர். கடையின் மாத வாடகை ஒரு இலட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,333 ரூபாய். அன்று ஐம்பது தட்டுகள் விற்றால் ஒவ்வொரு தட்டின் மீதும் வாடகை மட்டும் 67 ரூபாய் ஏறுகிறது. மழை பெய்த செவ்வாய்க்கிழமையில் முப்பதே விற்றால் 111 ரூபாய். இதன்மேல் இருவர் மூவர் ஊதியம், மின்சாரம், எரிவாயு, கடனிருப்பின் வட்டி. வாடிக்கையாளர் ஒருவர் இத்தகைய கடை வைக்கக் கடன் கேட்டு வரும்போது மூலப்பொருள் விலையைத் துல்லியமாக எழுதிக்கொண்டு வருவார். செவ்வாய்க்கிழமையை எழுதிக்கொண்டு வருவதில்லை. நாம் முதலில் கேட்பது அதையே.

ஆகவே முந்நூற்றைம்பது ரூபாயில் நாம் வாங்குவது மாவை மட்டும் அன்று. ஒருவரின் நான்கு நிமிடத்தையும் நாம் அமர்ந்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். இந்த விலை நியாயமா என்பதற்கு இதனால் விடை வந்துவிடாது. விரைந்து உண்டு எழுபவருக்கு அது அதிகம்தான். பிள்ளைகளோடு நிதானமாகப் பேச வந்தவர்க்கு, விமான் நகரில் அந்நேரத்துக்கு வேறெங்கும் அதனினும் மலிவாக நாற்காலி கிடைக்காது.

ஏழையின் அடை எவ்வாறு பெருநகரத்தின் மாலைநேரச் சிற்றுண்டி ஆயிற்று என்று வினவலாம். அதற்கு விடை இருப்புப்பாதையில் உள்ளது. பாரிஸிலிருந்து மேற்கே சென்ற இரயில் 1857இல் ரென் நகரையும், 1865இல் பிரிட்டானியின் கோடியிலுள்ள பிரெஸ்த் துறைமுகத்தையும் எட்டியது. அதே பாதையில் வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் பிரிட்டானி மக்கள் பாரிஸுக்கு வந்து இறங்கினர். இறங்கிய நிலையம் மொன்பர்னாஸ். இறங்கிய இடத்தின் அருகிலேயே குடியேறினர். ஊர்ச் சாப்பாடும் உடன் வந்தது. இன்றும் மொன்பர்னாஸ் தெருவில் க்ரெப் கடைகள் வரிசையாக நிற்கக் காரணம் இதுவே. மும்பையின் மாதுங்காவில் இரயில் நிலையத்தைச் சுற்றி இட்லியும் காப்பியும் வேர்கொண்ட கதையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்தப் பயணம் மறுதிசையிலும் நடந்தது. இலங்கைத் தமிழர் பலர் பாரிஸ் சென்று, லா ஷப்பெல் பகுதியைத் தமது கடைத்தெருவாக்கிக்கொண்டதோடு, அந்நகரத்து உணவகங்களின் சமையற்கட்டுகளிலும் உழைக்கின்றனர். தோசை வார்த்துப் பழகிய மணிக்கட்டுக்குக் க்ரெப் நெடுநாள் பிடித்திராது.

இனி ரசீது. உணவகம் பதிவு பெற்ற வழக்கமான வகையாயின் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி; மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை என இரு வரிகளாக அச்சாகும். குளிரூட்டிய கடை, குளிரூட்டாத கடை என்ற பழைய வேறுபாடு இப்போது இல்லை. பதினைந்து இலக்கப் பதிவெண் ரசீதின் தலைப்பில் இருக்கவேண்டும். மகாராட்டிரத்தில் அது 27 என்று தொடங்கும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. சிறு கடைகள் சில, இணக்க வரித் திட்டம் என்னும் எளிய முறையில் பதிவு செய்திருக்கும். அவை தம் வருவாயிலிருந்து வரியைக் கட்டவேண்டுமேயன்றி, நம்மிடம் தனியே வரி வசூலிக்கக் கூடாது. ரசீதிலும் அதனைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். பதிவெண்ணே இல்லாமல் வரி மட்டும் அச்சிட்டிருந்தால் பணிவாகக் கேட்கலாம்.

வரியை அடுத்து, ‘சேவைக் கட்டணம்’ என்னும் வரிசை. இது அரசு வரி அன்று. கடைக்காரர் தாமாகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, உணவகம் இதனைத் தானாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடர, இடைக்காலத் தடையும் இருந்தது. 2025 மார்ச் 28ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் அந்நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. விரும்பி அன்பளிப்புத் தருவது நம் உரிமை, கட்டாயம் இல்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். உணவுக்கு 800 ரூபாய், 5 விழுக்காடு வரி 40, மொத்தம் 840. இதில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 80 ரூபாய் சேர்ந்தால், அதன் மீதும் வரி 4 ரூபாய் ஏறி மொத்தம் 924 ஆகிறது. 84 ரூபாய்க்காக மேசையில் வாக்குவாதம் செய்யப் பெற்றோர் கூசுவர். பிள்ளைகள் அதைவிடக் கூசுவர். வாக்குவாதம் தேவையே இல்லை. “இதை நீக்கித் தாருங்கள்” என்ற ஒரு வாக்கியம் போதும். மறுத்தால் ரசீதை எடுத்துக்கொண்டு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கல்லருகே வியர்வையோடு நிற்கும் இளைஞர்க்கு நாமாக ஐம்பது ரூபாயைக் கையில் கொடுப்பது வேறு செய்தி. அதனை எந்த ஆணையமும் தடுக்கவில்லை.

பணம் செலுத்துகையில், மேசையில் ஒட்டிய கட்டத்தைக் கைப்பேசியால் நோக்கியதும் திரையில் பெறுபவரின் பெயர் தோன்றும். அது கடையின் பெயரோ உரிமையாளரின் பெயரோ என்று கேட்டறிந்த பின்னரே இரகசிய எண்ணை இடுக. ஒருவர் கட்டத்தின் மேல் வேறொருவர் தம் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போன நிகழ்ச்சிகள் நாட்டில் உண்டு. கணக்கிலிருந்து தொகை கழிந்தும் கடைக்குச் சேரவில்லை என்னும் நிலை வந்தால் மாலைப்பொழுதே கெட்டுவிடும். பதறி உடனே இரண்டாம் முறை செலுத்துவதற்கு முன் சில நிமிடம் பொறுத்து, பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் தெளிந்துவிடும். தெளியாவிடினும் பணம் போய்விடவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையின்படி, வணிகர்க்குச் செலுத்தி உறுதியாகாத தொகை, பரிவர்த்தனை நாளை அடுத்த ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தரவேண்டும். அதற்கு நீங்கள் மனு எழுத வேண்டியதில்லை. பரிவர்த்தனை எண்ணுள்ள திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது மட்டும் நல்லது. அட்டையைத் தொட்டுச் செலுத்துவோர் 5,000 ரூபாய் வரை இரகசிய எண் இடவேண்டுவதில்லை; அதனாலேயே அட்டையைப் பரிமாறுபவரிடம் கொடுத்தனுப்பாமல், கருவியை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுதல் தக்கது. கடன் அட்டையில் நாம் செலுத்தும் ஒவ்வொரு தொகையிலும் சிறு பங்கைக் கடைக்காரர் கட்டணமாக இழக்கிறார். யூபிஐ வழியில் நம் கணக்கிலிருந்து நேரே செலுத்தினால் அவருக்கு அந்த இழப்பில்லை. கடன் அட்டை விற்கும் வங்கியின் அலுவலர் இதனைச் சொல்லலாமா என்று மேலதிகாரிகள் கேட்கக்கூடும். பதினைந்து இருக்கைக் கடைக்கு அச்சிறு பங்கும் பணமே.

விமான் நகரிலோ புதுவையிலோ பழகிய நா ஒருநாள் உண்மையான மொன்பர்னாஸ் தெருவுக்கே சென்றால், அங்கே வழக்கம் சிறிது வேறு. பட்டியலில் அச்சிட்ட விலைக்குள்ளேயே வரியும் பணிக்கட்டணமும் அடங்கியிருக்கவேண்டும் என்பது 1987 முதல் அந்நாட்டு விதி. மேலே ஏதும் ஏறாது. குழாய்நீரைக் கூசாவில் கேட்டால் இலவசமாகத் தருவர். பேசாமல் இருந்தால் விலைக்குரிய புட்டி வந்துவிடலாம். ஆப்பிள் பழத்தில் வடித்த சிடர் என்னும் பானத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது மரபு; அது மதுவகை என்பதை நினைவில் கொள்க. ஈபில் கோபுரத்தின் நுழைவுச்சீட்டுக்கு 2024 பிப்ரவரி முதல் நம் யூபிஐ செல்லுபடியாகிறது என்பதை வைத்து, தெருமுனைக் க்ரெப் கடையிலும் செல்லும் என்று நம்பிச் செல்லாதீர். புறப்படுமுன் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்து, நாள்வரம்பையும் குறித்துக்கொள்க. பாதுகாப்புக் கருதிப் புதிய அட்டைகளில் அது மூடியே வருகிறது. சிறு கடைகள் குறைந்த தொகைக்கு அட்டை ஏற்பதில்லை என்பதால் இருபது, முப்பது யூரோ கையில் இருக்கட்டும். கருவியின் திரையில் “ரூபாயிலா, யூரோவிலா” என்னும் வினா எழுந்தால் யூரோவையே தேர்க. ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பவர் அக்கருவியை நடத்துபவர். அவருடைய கூலியும் அதில் கலந்திருக்கும். கண்ணுக்குப் பழகிய ரூபாய்க் கணக்கு என்பதாலேயே பலர் அதனைத் தொட்டுவிடுகின்றனர்.